‘கனெக்‌ஷன் ஃப்ரீ’ன்னு போர்டு எழுதறதுக்கு முன்னாடி இதைப் படி, தம்பி!

போன ஞாயித்துக்கிழமை கம்பம் ஊர்லேர்ந்து என் சித்தி மகன் போன் பண்ணினான். “அக்கா, ஃபைபர் இன்டர்நெட் பிராஞ்சைஸ் கையெழுத்தாயிடுச்சு. எட்டு போர்ட் ஓஎல்டி மெஷின் வந்து இறங்கிடுச்சு. வர்ற வெள்ளிக்கிழமை கடை திறப்பு. ‘புது கனெக்‌ஷன் முற்றிலும் இலவசம்’னு போர்டு எழுதச் சொல்லியிருக்கேன். சரிதானே?”

“கடை பேரு, போன் நம்பர் எல்லாம் எழுதச் சொல்லு. அந்த ஒரு வரியை மட்டும் காலியா விடச் சொல்லு”ன்னேன். போன்ல அரை மணி நேரத்துல சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. தென்காசிப் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் முதல்ல கேபிள் டிவி, 2017-லேர்ந்து இன்டர்நெட்னு ஓட்டிக்கிட்டிருக்கோம். கம்பத்துல ஏறறது அவரு, கணக்கு நோட்டு என்கிட்ட. அந்த நோட்டு எனக்குக் கத்துக்கொடுத்ததை அவனுக்கு எழுதறேன். புதுசா இந்தத் தொழிலுக்கு வர்ற மத்த தம்பி, தங்கச்சிகளும் எடுத்துக்கோங்க.

தம்பி, நேரா சொல்லிடறேன். கனெக்‌ஷன் சார்ஜ் வாங்கு. ஆனா எதுக்கு வாங்கறோம், எவ்வளவு வாங்கறோம், எது திரும்பும், எது திரும்பாதுன்னு வாடிக்கையாளருக்கு முதல் நாளே தெரியணும்.

ஒரு வீட்டுக்கு என்ன செலவாகுது?

உன் நோட்டுல முதல் பக்கத்துல இதை எழுது. தெருமுனைப் பெட்டியிலேர்ந்து வீட்டுக்கு 100 மீட்டர் ட்ராப் கேபிள். மீட்டர் 6 ரூபாய்னு வெச்சுக்கோ, 600. ரெண்டு பக்கமும் கனெக்டர், கிளாம்ப், ஆணி, டேப்னு ஒரு 100. லைன் தம்பிக்குக் கூலி 400. ஆக மொத்தம் 1,100. அதுக்கு மேல வீட்டுக்குள்ள மாட்டற டூயல் பேண்ட் ஓஎன்யு (மோடம்) பெட்டி 1,500. ஒரு கனெக்‌ஷன் போட்டு முடிக்க 2,600 ரூபாய். இது எங்க ஊர்க் கணக்கு, உன் ஊர்ல கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். நீயே கடைக்குப் போய் விலை கேட்டு எழுது.

இப்ப வரவைப் பார். மாசம் 500 ரூபாய் பிளான், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து வாடிக்கையாளர் கட்டறது 590. அந்த 90 அரசாங்கத்துக்கு. மீதி 500-ல எங்க ஒப்பந்தப்படி பாதி, மேல இருக்கிற கம்பெனிக்கு. நமக்கு 250. அதுல சம்பளம், கரண்ட் பில், கடை வாடகை, அறுந்த வயரை ஒட்டறதுன்னு 130 போயிடும். நிக்கறது 120. 2,600-ஐ 120-ஆல வகுத்துப் பார். கிட்டத்தட்ட 22 மாசம். ஒரு வீட்டுக்கு இலவசமா கனெக்‌ஷன் கொடுத்தா, அந்த வீட்டுல நாம போட்ட பணம் திரும்பி வரவே ரெண்டு வருஷம் ஆகும். லாபம் அதுக்கு அப்புறம்தான்.

நாலாவது மாசம் அவங்க ‘கட் பண்ணிடுங்க’ன்னு சொன்னா? பெட்டியைக் கழட்டிட்டு வந்துடலாம். சுவத்துல அடிச்ச வயரும், கொடுத்த கூலியும் வராது.

இலவசத்துக்கு யார் பணம் கட்டறாங்க?

இதை நாங்க பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். 2020-ல ஊரடங்கு. பிள்ளைங்க எல்லாம் போன்ல பாடம் படிக்குதுங்க, சென்னை, பெங்களூர்ல வேலை பார்த்தவங்க லேப்டாப்போட ஊருக்கு வந்துட்டாங்க. தினமும் பத்துப் பேர் கடை வாசல்ல. நானும் உங்க அத்தானும் என் வளையலை வங்கியில வெச்சு, 64 வீட்டுக்கு ஒரு பைசா வாங்காம கனெக்‌ஷன் போட்டோம். அப்ப பெட்டி 1,400 ரூபாய்.

2021 செப்டம்பர்ல 9-லேர்ந்து 12 வரைக்கும், நவம்பர்ல சின்ன வகுப்புகளுக்கும் பள்ளிக்கூடம் திறந்தாங்க. அதுக்குள்ளயே சில பேர் கட் பண்ணியிருந்தாங்க, திறந்ததும் இன்னும் சில பேர். மொத்தம் 23 வீடு. அதுல பெட்டி திரும்பி வந்தது 11. ஒரு வீட்டுல ‘தம்பி திருப்பூர் எடுத்துட்டுப் போயிட்டான்’னாங்க. இன்னொரு வீடு பூட்டிக் கிடந்தது. திரும்பாத 12 பெட்டிக்கே 16,800 ரூபாய். அந்த ஜனங்க மேல எனக்குக் கோபம் இல்லை, தம்பி. இலவசமா வந்த பொருளைப் பத்திரமாத் திருப்பிக் கொடுக்கணும்னு நாம ஒரு வார்த்தை எழுதித் தரலையே.

ஆனா என்னை உறுத்தினது வேற. அந்த வருஷம் நாங்க மேல இருந்து வாங்கற பேண்ட்வித்தை ஏத்தியிருக்கணும். பணம் சுவத்துல வயரா மாட்டிக்கிட்டதால ஏத்தல. எங்ககிட்ட முதல் வருஷமே சேர்ந்த ஒரு ஓய்வுபெற்ற டீச்சரம்மா, மாசம் பொறந்ததும் முதல் தேதி பணத்தோட வந்து நிக்கறவங்க, ஒரு நாள் கேட்டாங்க: “ராத்திரி எட்டு மணி ஆனா பேரனோட வீடியோ கால் நின்னு நின்னு வருதே, ஏம்மா?” எனக்குப் பதில் சொல்ல வாய் வரலை. புது ஆளுக்கு ‘ஃப்ரீ’ன்னு நாங்க கொடுத்ததுக்கு, ஒழுங்கா கட்டிக்கிட்டிருந்த அந்தம்மா தன்னோட வேகத்தை விலையாக் கொடுத்துக்கிட்டிருந்தாங்க. அன்னிக்கு ராத்திரியே இலவசத்தை நிறுத்தினோம்.

“பெரிய கம்பெனி சும்மா கொடுக்கறானே அக்கா?”

கேப்பேன்னு தெரியும். ஜியோ ஃபைபர் 2019 செப்டம்பர்ல வந்தப்ப 2,500 ரூபாய் வாங்கினாங்க. 1,500 திரும்பற டெபாசிட், 1,000 திரும்பாத இன்ஸ்டலேஷன். 2023-ல வந்த ஏர்ஃபைபருக்கும் 1,000 ரூபாய் இன்ஸ்டலேஷன், வருஷ பிளான் எடுத்தா அது கிடையாதுன்னு வெச்சாங்க. அவ்வளவு பெரிய கம்பெனியே வாங்கியிருக்கு. அந்த வருஷ பிளான் தள்ளுபடியும், முன்பணம் கைக்கு வந்தப்புறம்தான். அவங்க ஒரு பகுதியில ஒரு வருஷம் நஷ்டத்துல ஓட்டலாம். நம்மால மூணு மாசம் முடியாது. அதோட, கம்பியில்லாத ஏர்ஃபைபர்ல பெட்டியைக் கழட்டி வேற வீட்டுல மாட்டிடலாம். நம்ம வயர் அந்த வீட்டோட அளவுக்கு வெட்டினது, அடுத்த வீட்டுக்கு எட்டாது.

நம்ம மாநிலத்துல இன்னொரு பழக்கமும் உண்டு. அரசு கேபிள் 2011-ல மாசம் 70 ரூபாய்க்கு வந்தது, 2017-லேர்ந்து செட்டாப் பாக்ஸையும் இலவசமாக் கொடுத்தாங்க. அதனால வயர் இழுக்கறதுக்குப் பணமான்னு ஜனங்க கேக்கறதுல நியாயம் இருக்கு. அதுக்குப் பின்னாடி அரசாங்கம் இருந்தது. உனக்குப் பின்னாடி சித்தப்பாவோட பி.எஃப். பணம்தான் இருக்கு.

கேபிள் டிவிக்கு ட்ராய் 2017-ல ஒரு வரம்பு வெச்சிருந்தது. இன்ஸ்டலேஷனுக்கு 350, ஆக்டிவேஷனுக்கு 100, அதுக்கு மேல கூடாதுன்னு. 2024-ல அந்த வரம்பை எடுத்துட்டு, என்ன வாங்கறீங்களோ அதை வெளிப்படையா அறிவிச்சுடுங்கன்னு மாத்திட்டாங்க. நாம பார்க்கிற இன்டர்நெட் தொழிலுக்கும் அந்த ‘வெளிப்படையா’ங்கற வார்த்தையைப் பிடிச்சுக்கோ. அதுக்கு முன்னாடி ஒரு வேலை: உனக்கு மேல லைசென்ஸ் வெச்சிருக்கிற கம்பெனியோட ஒப்பந்தத்தை எடுத்து, இன்ஸ்டலேஷன் பணத்தை யார் பில் போடணும், யாருக்குச் சேரணும்னு என்ன எழுதியிருக்குன்னு பார். எழுதலைன்னா, மெயில்ல கேட்டு எழுத்துல வாங்கி வை.

எவ்வளவு வாங்கலாம்?

எங்க வழக்கம் இது. வயர், கூலி எல்லாம் சேர்த்து 1,000 ரூபாய், ஜிஎஸ்டி உட்பட. அதாவது 847 நமக்கு, 153 வரி. செலவு 1,100, வரவு 847, மீதி 250 சொச்சம் நம்ம கைக்காசு. வேணும்னேதான் அப்படி வெச்சிருக்கோம். முழுச் செலவையும் அவங்க தலையில வைக்காதே. அவங்க பெரும்பங்கு, நாம கொஞ்சம். நாளைக்கு அவங்க வளர்றதுல நமக்கும் வரும்படி இருக்கே. வயர், பெட்டி வாங்கும்போது நீ கட்டின ஜிஎஸ்டியைக் கழிச்சுக்க முடியும், அதனால பில் இல்லாம சரக்கு எடுக்காதே.

பெட்டிக்கு இன்ஸ்டலேஷன்ல ஒரு ரூபாய்கூட வாங்காதே. அதுக்கு 1,000 ரூபாய் டெபாசிட். பெட்டி திரும்பினா அதே 1,000 திரும்பும். பழசாயிடுச்சு, கீறல் விழுந்துடுச்சுன்னு பிடிக்கக் கூடாது. உடைச்சிருந்தா, தண்ணியில போட்டிருந்தா மட்டும் பிடி. திருப்பித் தரவேண்டிய டெபாசிட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பெட்டி வராம அந்தப் பணத்தை நீ எடுத்துக்கற அன்னிக்குத்தான் அது வரவாகும். உன் ஆடிட்டர்கிட்ட இதைத் தனித் தலைப்புல எழுதச் சொல்லு.

அந்த டெபாசிட்டைத் தனி வங்கிக் கணக்குல போடு. இதைக் கெஞ்சிச் சொல்றேன். பக்கத்து ஊர்ல ஒரு ஆபரேட்டர் 300 வீட்டு டெபாசிட்டை எடுத்து ஜீப் வாங்கினாரு. ஒரே மாசத்துல 40 பேர் பணம் கேட்டு வந்தப்ப கடையைப் பூட்டிட்டுப் பின்வாசல் வழியாப் போனாரு. நல்ல மனுஷன், வேலை தெரிஞ்சவரு. இப்ப அந்த ஊர்ல எந்தக் கேபிள்காரரு டெபாசிட்னு வாயெடுத்தாலும் ஜனங்க சிரிக்கறாங்க. எங்க கடையில பெட்டி வந்த ஏழு நாளுக்குள்ள பணத்தை அனுப்பிடுவோம். அப்படித் திரும்ப வாங்கினவங்கதான் மறுபடியும் வந்திருக்காங்க, மச்சினரையும் கூட்டிக்கிட்டு.

யாருக்கு எப்படி?

ஆறு மாசமோ ஒரு வருஷமோ முன்பணம் கட்டறவங்களுக்கு 1,000-ஐ விட்டுடு. அவங்க இருப்பாங்க, பணம் திரும்பிடும். ஆனா அந்த வருஷப் பணத்துல கம்பெனிக்கு மாசாமாசம் போகவேண்டிய பங்கு இருக்கு, செலவழிச்சுடாதே.

வாடகை வீடு. முன்னாடி இருந்தவங்க வயர் சுவத்துலயே இருக்கும். புதுசா குடி வந்தவங்ககிட்ட வயருக்கு இன்னொரு தரம் காசு வாங்கறது பாவம். கூலி மட்டும் வாங்கு. இதுக்காக ஒவ்வொரு வயர் முனையிலயும் வீட்டு நம்பர், தேதி எழுதின சின்ன டேக் கட்டு. நம்மகிட்ட இருக்கிறவங்களே வேற தெருவுக்குப் போனாலும் அதே கணக்குதான்.

தோட்டத்து வீடு. செங்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புல எங்க கடைசித் தெருமுனைப் பெட்டியிலேர்ந்து 800 மீட்டர். அதுக்கும் 1,000-ன்னா நாம கவிழ்ந்துடுவோம். முதல் 100 மீட்டர் போக மீதிக்கு வயரோட வாங்கின விலை, கம்பம் நடற செலவு, அவ்வளவுதான். கடை பில்லையே காட்டு. அந்த வழியில இன்னும் ரெண்டு தோட்டம் இருந்தா மூணு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சுப் பேசு. நாங்க பேசினப்ப ஆளுக்கு 2,000 சொச்சத்துல முடிஞ்சது, கம்பத்துக்குக் கல்லும் அவங்களே கொடுத்தாங்க.

முடியாதவங்க. ஆலங்குளம் பக்கத்துலேர்ந்து ஒரு அக்கா வந்தாங்க, பீடி சுத்தறவங்க. மக குரூப் 4-க்குப் படிக்கறா. கையில 300 ரூபாய்தான் இருந்தது. மாசம் 200-ஆ அஞ்சு மாசம்னு போட்டோம், டெபாசிட்டைக் கேக்கலை. ஒரு தவணை தவறலை. இலவசம்னு சொல்லியிருந்தா அந்தக்கா கொஞ்சம் கூசியிருப்பாங்கன்னு எனக்குப் பட்டது. ‘எல்லாரும் கட்டறதைத்தான் நானும் கட்டறேன்’னு நிமிர்ந்து சொன்னாங்க. இப்படி வருஷத்துக்கு எத்தனை வீடு நம்மால தாங்கும்னு முன்னாடியே எண்ணி வை. எங்களுக்கு 20.

சொந்தக்காரங்களுக்கும் ரசீது போடு. மாமாகிட்ட வாங்காம விட்டது பக்கத்து வீட்டுக்கு அன்னிக்கே தெரிஞ்சுடும்.

பணம் வாங்கிட்டா வேலை அப்படி இருக்கணும்

இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம், தம்பி. 1,000 ரூபாய் கொடுத்தவங்க, அந்த வேலை நல்லா இருக்கான்னு பார்ப்பாங்க. பார்க்கணும்.

வயர் எடுக்கும்போது உள்ள இரும்புக் கம்பி இருக்கிறதை எடுக்காம, எஃப்ஆர்பி (ஃபைபர் கலந்த பிளாஸ்டிக்) இருக்கிறதா எடு. கரண்ட் கம்பத்துக்குப் பக்கத்துல போற வயர் அது, இரும்பு வேண்டாம். உங்க பக்கமும் எங்க பக்கமும் ஆனி, ஆடிக் காத்து எப்படி அடிக்கும்னு உனக்கே தெரியும். ரொம்ப இழுத்துக் கட்டாதே, ரொம்பத் தொங்கவும் விடாதே. வைக்கோல் லாரி போற தெருன்னா உயரத்தை அளந்து பார்த்துக் கட்டு. அணில், குரங்கு இருக்கிற இடத்துல வீட்டுக்கிட்ட வர்ற பகுதியைக் குழாய்க்குள்ள விடு. குற்றாலத்துல குரங்கு கடிச்ச வயரை ஒரே வாரத்துல மூணு தரம் ஒட்டியிருக்கோம்.

சுவர்ல ஓட்டை போடறதுக்கு முன்னாடி எந்த இடம்னு வீட்டுக்காரங்களைக் கேளு. டைல்ஸ் இருக்கிற சுவத்துல கை வைக்காதே. வெளிப்பக்கம் சரிவா இருக்கிற மாதிரி துளை போடு, மழைத்தண்ணி உள்ள வராது. வயரை ஒரு வளைவு தொங்கவிட்டு உள்ள எடு. பெட்டியைப் பீரோ பின்னாடியோ டிவிக்கு அடியிலயோ மறைக்காதே. நடுவீட்டுல, ஆள் உயரத்துல.

ஃபைபர்ல வர்ற வெளிச்சத்தை அளக்கற பவர் மீட்டர்ல வர்ற எண்ணை வாடிக்கையாளர் முன்னாடியே படி. எட்டு எட்டா ரெண்டு ஸ்ப்ளிட்டர் தாண்டி வந்தா மைனஸ் 20, 22 டிபிஎம் பக்கம் இருக்கும். மைனஸ் 25-க்குக் கீழ போச்சுன்னா அன்னிக்கு வேலை முடியலைன்னு அர்த்தம், கனெக்டரைத் துடைச்சு, ஜாயின்ட்டை மறுபடி போடு. பெட்டியோட எல்லையே மைனஸ் 27 தான், ஓரத்துல நிக்கற லைன் முதல் மழைக்கே சிவப்பு லைட் காட்டும். அந்த எண்ணை ரசீதுலயே எழுதிக் கொடு. ஆறு மாசம் கழிச்சு ‘நெட் ஸ்லோ’ன்னு போன் வந்தா, அன்னிக்கு என்ன, இன்னிக்கு என்னன்னு ஒரு பார்வையில தெரியும்.

லைன் தம்பிக்குக் கூலி 400-ஐ ஒரே நாள்ல கொடுத்துடாதே. வேலை முடிஞ்சதும் 300, பதினஞ்சு நாள் புகார் வரலைன்னா 100. எண்ணிக்கைக்கு மட்டும் கூலி கொடுத்தா அவனும் ஓடி ஓடிப் போடுவான், நாம பின்னாடியே ஓடி ஒட்டணும். எங்ககிட்ட லைன் வேலை பார்க்கிற செல்வன் மாதிரி நம்பிக்கையான பையன்னாலும் பணத்தை அவன் கையில வாங்க விடாதே. கடை க்யூஆர், இல்லாட்டி கடையில ரொக்கம். ‘சாருக்கு டீ காசு’ன்னு 200 கேட்டான்னு ஒரு பேச்சு கிளம்பினா உன் 1,000 ரூபாய்க் கணக்கு முழுக்கப் பொய்யாத் தெரியும். அப்புறம், பகல்ல பெண்கள் தனியா இருக்கிற வீடுதான் அதிகம். போறதுக்கு முன்னாடி போன் பண்ணி, யார் வர்றான்னு பேர் சொல்லி, கழுத்துல கார்டு மாட்டி அனுப்பு. ஒரு அக்காவா நான் கேக்கறது இது.

பதினஞ்சு நாளுக்குள்ள ‘பிடிக்கலை, வேண்டாம்’னு சொல்றவங்களுக்கு, தப்பு நம்ம லைன்ல இருந்தா 1,000-ஐயும் திருப்பிக் கொடுத்துடு. எங்களுக்கு வருஷத்துல மூணு, நாலு தரம்தான் அப்படி ஆகுது.

ரசீது மாதிரி ஒண்ணை உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கேன், அச்சடிக்கக் கொடுத்துடு. காலியா விடச் சொன்ன வரிக்கு பெயின்ட்டர்கிட்ட இப்படி எழுதச் சொல்லு:

“புது கனெக்‌ஷன் ரூ. 1,000 – 100 மீட்டர் வயர், வேலைக்கூலி, ஜிஎஸ்டி உட்பட. பெட்டிக்கு டெபாசிட் ரூ. 1,000 – பெட்டி உடையாமல் திரும்பினால் ஏழு நாளில் முழுப் பணமும் திரும்பும். தவணை வசதி உண்டு. ரசீது கேட்டு வாங்குங்கள்.”